யூடியூபா, கிருஷி பவனா, பால் சொசைட்டியா: எல்லையோரத் தோப்புக்குப் புதுக் கருவியை யார் வழியாகக் கொண்டுபோவது?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் மொபைல் ஸ்டார்ட்டர் பரவியதற்கு யாரும் முகாம் போடவில்லை. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத் தோப்புகளில் மோட்டார் ரூமைத் திறந்தால், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சிம் கார்டு போட்ட இன்னொரு சின்னப் பெட்டியைப் பல இடங்களில் பார்க்கலாம். திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு போன் போட்டால் மோட்டார் ஓடும். கரண்ட் போனால், வந்தால் தகவல் வரும். கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் தானே நின்றுவிடும். தமிழ்நாட்டில் இதற்கு மானியம் அறிவித்தது பிற்பாடுதான். அதற்கு முன்பே எல்லையின் இரண்டு பக்கமும் இந்தப் பெட்டி வந்துவிட்டது.

அதே தோப்புக்காரரின் போனை வாங்கிப் பாருங்கள். இலையைப் படம் எடுத்தால் நோயைச் சொல்லும் செயலி ஒன்று இருக்கும், சந்தை விலை பார்க்கும் செயலி ஒன்று இருக்கும். லீவுக்கு வந்த மகன் ஏற்றிக் கொடுத்தது. அதற்குப் பிறகு அவர் அதைத் திறக்கவே இல்லை. நோட்டீஸ், பேனர், எஸ்எம்எஸ், ஒருநாள் பயிற்சி, மதியச் சாப்பாடு எல்லாம் நடந்தது இந்தச் செயலிகளுக்குத்தான், ஸ்டார்ட்டருக்கு இல்லை.

உழவர் உற்பத்தியாளர் குழுவோ, பாடசேகர சமிதி என்கிற நெல் வயல்காரர்களின் குழுவோ, பால் சங்கமோ நடத்துகிறவர்களிடம் அவ்வப்போது ஒரு கேள்வி வந்து நிற்கும். டிஜிட்டல் விழிப்புணர்வுக்கு என்று ஒரு சிறு தொகை வந்திருக்கிறது, அதை எதில் போடுவது? வீடியோ எடுப்பதா, வாட்ஸ்அப் குழு தொடங்குவதா, வானொலியில் சொல்வதா, கேரள வேளாண் துறையின் பஞ்சாயத்து அலுவலகமான கிருஷி பவனோடு சேர்ந்து கூட்டம் போடுவதா, கடைக்காரரைப் பிடிப்பதா, ஒரு தோட்டத்தில் செய்து காட்டுவதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி கெட்டுப்போனால் யார் போனை எடுப்பாரோ, அவர் வழியாகச் சொல்வதில்தான் காசைப் போட வேண்டும். மற்ற வழிகள் எல்லாம் அவருக்குத் துணைக்கு. இதை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

காதில் விழுவதும் காசை எடுப்பதும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று பிரைஸ் ரயான், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் விவசாயிகளிடம் வீடு வீடாகக் கேட்டார்கள். ஆய்வு 1943-ல் வெளியானது. இந்த விதையைப் பற்றி முதலில் யார் சொல்லிக் கேட்டீர்கள் என்ற கேள்விக்கு விதை விற்பனையாளர் என்று சொன்னவர்களே அதிகம். சரி, விதைக்கலாம் என்று உங்களை முடிவெடுக்க வைத்தது யார் என்று கேட்டபோது பக்கத்துத் தோட்டக்காரர் முன்னுக்கு வந்துவிட்டார். தகவல் ஒரு வழியில் வந்திருக்கிறது, துணிவு இன்னொரு வழியில் வந்திருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. 2003-ல் தேசிய மாதிரி ஆய்வின் 59-வது சுற்று, விவசாயக் குடும்பங்கள் புதிய தொழில்நுட்பத் தகவலை எங்கிருந்து பெறுகின்றன என்று கேட்டது. எந்த வழியிலாவது தகவல் பெற்றவை 100-க்கு 40 குடும்பங்கள்தான். முன்னோடி விவசாயிகளிடம் கேட்டவர்கள் 16.7 சதவீதம், உரம் மருந்துக் கடையில் கேட்டவர்கள் 13.1, வானொலி 13.0, தொலைக்காட்சி 9.3, நாளிதழ் 7.0, அரசு விரிவாக்கப் பணியாளர், அதாவது ஊருக்கு வந்து சொல்லிக் கொடுக்கிற வேளாண் ஊழியர், 5.7. அப்போது யூடியூபும் கிடையாது, வாட்ஸ்அப்பும் கிடையாது. வானொலியும் டிவியும் இருந்த இடத்தில் இன்று போன் இருக்கிறது, அது உண்மை. வரிசையில் முதலில் இருந்த அந்த இரண்டு ஆட்களை, முன்னோடி விவசாயியையும் கடைக்காரரையும், போன் நகர்த்திவிட்டதாக இந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

எல்லை செய்கிற குழப்பம்

சித்தூர் ஒரு காலத்தில் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, 1956-ல் கேரளத்தோடு சேர்ந்தது. கிழக்குப் பஞ்சாயத்துகளில் வீட்டுப் பேச்சு தமிழ். ரேஷன் கார்டு, நிலவரி, கிருஷி பவன் எல்லாம் கேரளம். தமிழ் வழியில் படித்த பெரியவர்களுக்கு மலையாளம் பேச்சில் தண்ணீர் மாதிரி ஓடும், எழுத்தில் வந்தால் நிற்கும். அதனால் இங்கே ஒரு விவசாயிக்கு விவசாயத் தகவல் வருவது தமிழ்நாட்டில் இருந்து, பணமும் விண்ணப்பமும் போவது கேரளத்துக்கு. எந்த வழியில் சொல்வது என்று யோசிக்கும்போது வேறு ஊர்களில் வராத சிக்கல் இது.

சொட்டு நீரை எடுத்துக்கொள்வோம். மத்தியத் திட்டத்தின் அடிப்படை மானியம் சிறு குறு விவசாயிக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 45. அதற்கு மேல் எவ்வளவு போடுவது என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். தமிழ்நாடு தன் பங்கைப் போட்டு அதை 100 ஆகவும் 75 ஆகவும் ஆக்கியது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வீடியோவில் 'முழுக்க இலவசமுங்க' என்கிறார். அவர் சொல்வது பொய் இல்லை, அவர் ஊருக்கு அதுதான் கணக்கு. அதைப் பார்த்துவிட்டு எருத்தேம்பதிக்காரர் கிருஷி பவனில் போய், 'சாரே, நூறு சதமானம் உண்டல்லோ' என்று கேட்டால் அங்கே கிடைக்கிற பதில் வேறு. திரும்பி வருகிறவர் அந்த அலுவலரை நம்பமாட்டார், அடுத்த வீடியோவையும் நம்பமாட்டார். இரண்டு வழிகளும் ஒரே நாளில் கெட்டுப்போகின்றன.

உழவன் செயலியும் அப்படித்தான். தமிழ்நாடு அரசு 2018-ல் கொண்டுவந்தது, தமிழில் இருக்கிறது, வானிலை, சந்தை விலை, இயந்திர வாடகை எல்லாம் உண்டு. கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சித் தேங்காய் விலையை அதில் பார்த்துக்கொள்ளலாம். மானியத்துக்குப் பதிவு செய்ய முடியாது, நிலம் வேறு மாநிலத்தில். கேரளத்தில் அவர் பதிய வேண்டியது எய்ம்ஸ் என்று சுருக்கிச் சொல்கிற வேளாண் துறை இணையதளத்தில். பயிர்க் காப்பீடு, இயற்கைச் சேத நிவாரணம் எல்லாம் அதன் வழியாகத்தான். ஆக, எந்தத் தகவலை வெளியில் இருந்து எடுத்தாலும், 'இது நம்ம பக்கத்துக்குச் செல்லுமா' என்று பார்த்துச் சொல்ல ஊருக்குள் ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை எந்தச் செயலியும் செய்வதில்லை.

யூடியூபும் வாட்ஸ்அப்பும்

ஆசை காட்டுவதில் யூடியூபை மிஞ்ச ஆள் இல்லை. ட்ரோன் எப்படி மருந்து அடிக்கிறது, தானியங்கி வால்வு எப்படித் திறக்கிறது என்று வாயால் சொல்லி விளக்க முடியாது, பார்த்தால்தான் புரியும். எழுத்து தேவை இல்லை, மொழியும் பெரிதாகத் தேவை இல்லை. ஆனால் வீடியோவில் எப்போதும் கருவி ஓடிக்கொண்டிருக்கும். இடி விழுந்து போர்டு போனதையும், டவர் கிடைக்காமல் பெட்டி ஊமையாக நிற்பதையும் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. கீழே கமெண்டில் கேள்வி கேட்டால் சில சமயம் பதில் வரும், பெரும்பாலும் ஒரு போன் நம்பர் வரும், அது விற்பனைப் பிரிவு. நம் குழுவின் பணத்தில் புதிதாக ஒரு வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றுவது வீண் என்பது என் எண்ணம். ஏற்கெனவே இருப்பதில் நல்லதாக இரண்டைத் தேர்ந்து, விலையும் மானியமும் நம் பக்கத்தில் எவ்வளவு என்று ஒட்டிச் சொன்னால் போதும்.

வாட்ஸ்அப் குழு செலவு இல்லாதது. அதனாலேயே எல்லோரும் முதலில் அதைத்தான் தொடங்குகிறார்கள், அதனாலேயே அது சீக்கிரம் குட் மார்னிங் படங்களில் மூழ்கிவிடுகிறது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அதற்கு ஈடு இல்லை, தேதி. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். மூலத்தரைத் தடுப்பணையில் எப்போது திறக்கிறார்கள், எந்தக் கால்வாய்க்கு எத்தனை நாள் என்ற செய்தி வரும் வாரம் பாருங்கள், குழு முழுக்க உயிரோடு இருக்கும். காப்பீட்டுக்குக் கடைசி நாள், நெல் கொள்முதல் பதிவுக்குக் கடைசி நாள் இவையும் அப்படியே. தெரிந்த குரலில், தமிழில், ஒரு நிமிடத்துக்குள் ஓர் ஆடியோ போட்டால் வயதானவர்களும் கேட்கிறார்கள். பிடிஎஃப் போட்டால் யாரும் திறப்பதில்லை.

ஒருவழியாகச் செய்தி அனுப்புவதற்கும் கேட்டால் பதில் வருவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். மகாராஷ்டிரத்தில் ஒரு தனியார் எஸ்எம்எஸ் சேவை விவசாயிகளுக்குச் சந்தை விலையும் வானிலையும் அனுப்பியது. ஃபாஃப்ஷாம்ப், மின்டன் இருவரும் 100 கிராமங்களில் ஆராய்ந்தபோது, சேவை பெற்றவர்களுக்கு விற்பனை விலை கூடியதாகத் தெரியவில்லை. குஜராத்தில் பருத்தி விவசாயிகளுக்கு, போனில் கேள்வியைப் பேசிப் பதிவு செய்தால் வேளாண் நிபுணர் குரலிலேயே பதில் வரும் அவாஜ் ஓட்டலோ என்ற சேவை நடந்தது. கோல், ஃபெர்னாண்டோ ஆய்வில், அதைப் பயன்படுத்தியவர்கள் கடைக்காரரையும் சக விவசாயியையும் சார்ந்திருப்பது குறைந்தது, மிகக் கொடிய பூச்சிமருந்துகளில் இருந்தும் விலகினார்கள். இரண்டும் போன்தான். ஒன்றில் திருப்பிக் கேட்க வழி இருந்தது.

வானொலி, தொலைபேசி, மைக்

இவற்றை நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. கோவை வானொலி எல்லை தாண்டிக் கேட்கிறது, ஆனால் அதைக் கேட்டபடி மாடு கறக்கிற தலைமுறை குறைந்து வருகிறது. கிசான் கால் சென்டர் 2004-ல் தொடங்கியது, 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை, 22 மொழிகளில், கட்டணம் இல்லை. பூச்சி, உரம் பற்றிய சந்தேகத்துக்கு நல்லது. நம் மோட்டார் பெட்டி ஏன் பீப் அடிக்கிறது என்று அங்கே கேட்க முடியாது.

மைக்கைப் பழசு என்று தள்ளிவிட வேண்டாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மையத்தில் அலை உயர முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து எடுத்து, கரையில் ஒலிபெருக்கி கட்டித் தமிழில் சொன்னார்கள். மீனவர் கையில் கணினி இல்லை, தேவையும் படவில்லை. டிஜிட்டல் கருவி ஒருவர் கையில், செய்தி எல்லோர் காதிலும். இன்றைக்கும் பல விஷயங்களுக்கு இதுவே போதும். எல்லோர் போனிலும் எல்லாச் செயலியும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிவதில்லை. ஏலக்காயில் இப்படித்தான் நடந்தது. போடிநாயக்கனூரிலும் வண்டன்மேட்டுப் பக்கமும் நறுமணப் பொருள் வாரியம் 2007-ல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தபோது மாறியது ஏலக்கூடம். தோட்டக்காரர் வழக்கம்போல மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவருக்குத் தனியாக விழிப்புணர்வு ஊட்ட வேண்டியிருக்கவில்லை.

கிருஷி பவனும் அக்ஷயாவும்

கேரளத்தில் 1987 முதல் பஞ்சாயத்துக்கு ஒரு கிருஷி பவன் இருக்கிறது. அது பெரிய விஷயம். பல மாநிலங்களில் வேளாண் அலுவலரைப் பார்க்க வட்டாரத் தலைமையிடத்துக்குப் போக வேண்டும். ஆனால் அங்கே இருக்கிற சில ஆட்களின் நேரம் திட்டக் கோப்புகளிலும் பயனாளிப் பட்டியலிலும் போய்விடுகிறது. அவர்கள் சொல்லுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் எதிர்ச்சொல் கிடையாது: எது நம் பக்கத்துக்குச் செல்லும், எது செல்லாது. அதற்கு அவர்களை விட்டால் வேறு வழி இல்லை. கருவியை ஓட்டக் கற்றுக்கொடுக்க அவர்களை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. வேளாண் அறிவியல் நிலையம் இருப்பது பட்டாம்பியில், மாவட்டத்தின் மறு கோடி. கிழக்குச் சித்தூர்க்காரருக்குத் தென்னையில் சந்தேகம் வந்தால் பொள்ளாச்சி தாண்டி ஆழியார் நகரில் இருக்கிற தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கம், பேச்சும் தமிழ்.

இணையப் பதிவு என்று வந்தால் கேரளத்தின் இணையச் சேவை மையமான அக்ஷயாதான். 2002-ல் மலப்புறத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. நெல் கொள்முதல் செய்கிற கேரள அரசு நிறுவனமான சப்ளைகோவுக்கு நெல் விற்க வேண்டுமானால் இணையத்தில் பதிந்தாக வேண்டும், பி.எம். கிசான் 6,000 ரூபாய் தொடர்ந்து வர வேண்டுமானால் இ-கேஒய்சி முடித்தாக வேண்டும். இதற்கெல்லாம் எந்த விழிப்புணர்வும் தேவைப்படவில்லை. பணம் நிற்கும் என்று தெரிந்தால் எல்லோரும் வரிசையில் வந்து நிற்கிறார்கள். இதை டிஜிட்டல் மாற்றம் என்று கணக்கில் எழுதிக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. விரல் ரேகை மட்டும்தான் விவசாயியுடையது, மற்றதெல்லாம் கவுண்டரில் இருக்கிற பெண் செய்வது. ஓடிபி வருகிற நம்பர் திருப்பூர் மில்லில் வேலை பார்க்கிற மகனிடம் இருக்கும், 'கண்ணு, நம்பர் ஏதாச்சும் வந்துச்சா பாரு' என்று அம்மா கவுண்டரில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். மகன் ஷிப்டில் இருந்தால் அன்றைய வேலை போச்சு. கட்டாயத்தால் ஏறியது கட்டாயம் இருக்கும் வரைக்கும்தான். நம் குழுப் பணத்தை இதற்குச் செலவழிக்க வேண்டாம், தேதியை வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும்.

கடைக்காரர் சொல்லாதது

உரக்கடைக்காரர் கையில் இருக்கிற செல்வாக்கைக் குறைத்து எடைபோடக் கூடாது. கடன் கொடுக்கிறார், வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறார், பயிர் பட்டுப்போனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறார். அவர் ஒரு செயலியைக் காட்டி, 'இதுல போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா, நான் பாத்துச் சொல்றேன்' என்றால் மறுநாளே அது பயன்பாட்டுக்கு வந்துவிடும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், வாங்காதே என்று சொல்ல வேண்டிய இடத்தில். 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ முதலில் தென்பட்டது, அங்கிருந்து எல்லை தாண்டி வர நாளாகவில்லை. ஓலைக்கு மேல் கரும்படலம் படிந்ததைப் பார்த்தவர்களுக்குக் கை மருந்துக்குத்தான் போகும். விஞ்ஞானிகள் சொன்னதோ வேறு. கடும் பூச்சிமருந்து அடித்தால் வெள்ளை ஈயை அழிக்கிற என்கார்சியா ஒட்டுண்ணியும் சேர்ந்து செத்துப்போகும். மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், ஒட்டுண்ணியைப் பெருக விடுங்கள் என்றார்கள். மருந்து விற்கிற கடையில் இருந்து இந்தச் செய்தி வரும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு ஒரு மருந்துக் கலவை சொன்னார்கள். இந்த மாதிரி விஷயத்தில் நம்பிக்கை வந்தது மருந்து அடிக்காமல் விட்ட தோப்பை நேரில் பார்த்தவர்களுக்கு மட்டும்.

ஆக, விற்பனைக்கு உதவுகிற தகவல் என்றால் கடை வேகமான வழி. விற்பனையைக் குறைக்கிற தகவல் என்றால் கடை வழியே இல்லை. இலையைப் படம் பிடித்து நோய் சொல்கிற செயலிகளிலும் இதையே பார்க்க வேண்டும். நோயின் பெயரைச் சொல்லி நிற்கிறதா, கீழே வாங்குவதற்குப் பொத்தானும் வைத்திருக்கிறதா?

மெக்கானிக்

ஸ்டார்ட்டர் பரவியதற்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் விடை இருக்கிறது. காயில் எரிந்து மோட்டார் கடைக்கு வருகிறது. காயில் கட்டுகிறவர் என்ன சொல்கிறார்? 'அண்ணா, வோல்டேஜ் குறைஞ்சு ஓடியிருக்கு, மறுபடி இப்படித்தான் ஆகும். இந்தப் பெட்டி ஒண்ணு மாட்டிக்கோங்க, நான் வந்து மாட்டித் தர்றேன்.' அந்த நேரத்தில் விவசாயிக்கு இழப்பின் வலி சூடாக இருக்கிறது, தீர்வு கையில் இருக்கிறது, மாட்டுகிறவர் தெரிந்தவர், கெட்டால் பைக்கில் வருவார். ராத்திரி மூன்று மணிக்கு வருகிற கரண்டுக்காக எழுந்து பாம்புப் பயத்தோடு டார்ச் அடித்துப் போக வேண்டியதில்லை என்ற லாபமும் அன்றைக்கே தெரிகிறது. மெக்கானிக்குக் கமிஷன் உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மோசமான பெட்டியை விற்றால் திரும்பத் திரும்ப வந்து நிற்கப் போவதும் அவர்தான். கடைக்காரரிடம் இல்லாத கட்டுப்பாடு அது.

விரிவாக்கத் திட்டங்களில் இவரை யாரும் கூப்பிடுவதில்லை. பயிற்சிக்கு முன்னோடி விவசாயியைக் கூப்பிடுவார்கள், சங்கத் தலைவரைக் கூப்பிடுவார்கள். எலக்ட்ரீசியனும், சொட்டு நீர்க் குழாய் பொருத்துகிறவரும், செல்போன் கடைப் பையனும் பட்டியலில் இருக்கமாட்டார்கள். என்னிடம் கேட்டால் முதல் பயிற்சி அவர்களுக்கு. மண் ஈரமானி, தானியங்கி வால்வு, டைமர் இவற்றை நாலு பேர் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டால், அடுத்த கோடைக்குள் அவை தானாகத் தோப்புக்குள் போய்விடும்.

பால் சொசைட்டி

சித்தூர் வட்டாரம் பால் உற்பத்தியில் கேரளத்தில் பேர் பெற்றது. ஊருக்கு ஊர் சொசைட்டி, காலையிலும் சாயங்காலமும் கூட்டம். கூட்டம் போடாமலே கூட்டம் சேருகிற வேறு இடம் இந்தப் பக்கம் இல்லை. அங்கே ஒரு டிஜிட்டல் கருவி ஏற்கெனவே வேலை செய்கிறது: பாலின் கொழுப்பை அளந்து எடையோடு சீட்டு அடிக்கிற எலக்ட்ரானிக் மெஷின். அதை யாரும் எதிர்க்கவில்லை. முன்பு அளக்கிறவர் சொன்னதே அளவு, இப்போது சீட்டில் இருப்பது அளவு. பக்கத்தில் நிற்கிறவரின் சீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கருவி அதிகாரத்தை யார் கையில் இருந்து யார் கைக்கு மாற்றுகிறது என்பதை மக்கள் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

பால் ஊற்ற வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கிருஷி பவன் கூட்டத்துக்கும் கடைக்கும் போகிறவர்கள் ஆண்கள். பட்டா ஆண் பெயரில், போன் ஆண் கையில். மாட்டுத் தீவனம், புல்வெட்டி, தோப்புத் தண்ணீர் எல்லாம் பார்க்கிறவர் பாதி நேரம் அந்த வீட்டு அம்மாதான். அவர் காதில் விழாத கருவி வீட்டுக்குள் வராது, வந்தாலும் ஓடாது.

இங்கே செய்யத்தக்கது ஒன்று உண்டு. டிஜிட்டல் கிரீன் என்ற அமைப்பு முதலில் கர்நாடகக் கிராமங்களில் சோதித்த முறை: அந்த ஊர் விவசாயி தன் தோட்டத்தில் செய்வதைச் சின்ன வீடியோவாக எடுத்து, அதே ஊர் ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, இடையிடையே நிறுத்தி, 'நீங்க செய்வீங்களா, ஏன் மாட்டீங்க' என்று ஒருவர் பேசுவார். 2009-ல் வெளியான ஆய்வில், ஒரு விவசாயியை மாற்ற ஆகும் செலவுக் கணக்கில் இது வழக்கமான விரிவாக்கப் பணியைவிட 10 மடங்கு பலன் தந்தது. காரணம் கேமரா மட்டும் இல்லை. படத்தில் இருப்பவர் தெரிந்த முகம், நடுவில் நிறுத்திப் பேச ஆள் உண்டு. வீடியோவை மட்டும் ஓடவிட்டுப் போனால் அது மறுபடி யூடியூப்தான்.

எந்தக் கருவிக்கு எந்த வழி

எல்லாவற்றுக்கும் ஒரே வழி என்றும் சொல்ல மாட்டேன். ட்ரோன் தெளிப்பு தனி ஆள் எடுக்கிற முடிவே இல்லை. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் வரை தண்ணீர் பிடிக்கிற வேலையை ட்ரோன் சுமார் 10 லிட்டரில் சில நிமிடங்களில் முடிக்கிறது, ஆனால் அரை ஏக்கருக்காக ஒருவர் ட்ரோனை வரவழைத்தால் கட்டுப்படியாகாது, பக்கத்து வயலுக்கு மருந்து பறந்தால் சண்டை. வயல்வெளி முழுக்க ஒரே நாளில் அடித்தால்தான் அது லாபம். அதனால் அங்கே பாடசேகர சமிதிக் கூட்டம்தான் வழி, அதில் நாலு பேர் தலையாட்டினால் வேலை நடக்கும், ஆயிரம் வீடியோ பார்த்தும் தனி ஆளால் நடக்காது. தென்னந்தோப்பில் நிலைமை வேறு, அங்கே தனி முடிவு சாத்தியம்.

விலை பார்க்கிற செயலிக்கு நான் காசே போடமாட்டேன். தேங்காய் வியாபாரி தோப்புக்கு வந்து எண்ணி எடுத்துப்போகிற ஊரில், கள்ளுக்கு மரத்தைக் குத்தகைக்கு விடுகிற ஊரில், விலை தெரிந்தாலும் பேரம் பேச இடம் குறைவு. கேரளக் கரையோர மீனவர்களுக்கு மொபைல் வந்ததும் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது என்று ராபர்ட் ஜென்சன் 2007-ல் காட்டினார். அவர்கள் படகைத் திருப்பி வேறு துறைமுகத்துக்குப் போக முடிந்தது. தோப்பைத் திருப்ப முடியாது. சேர்ந்து விற்கிற குழு இருந்தால் மட்டும் விலைத் தகவலுக்கு வேலை உண்டு, அப்போதும் அது செயலாளர் போனில் இருந்தால் போதும்.

சொட்டு நீர், வால்வு, ஸ்டார்ட்டர், ஈரமானி மாதிரி தோட்டத்தில் நிற்கிற கருவிகளுக்கு நான் இப்படிப் பங்கிடுவேன். தொகையில் பாதியை மெக்கானிக்குகளின் பயிற்சிக்கும், அவர்கள் கையில் இருக்க வேண்டிய உதிரிபாகத்துக்கும் வைப்பேன். அடுத்த பெரும்பங்கு, பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் எல்லோர் கண்ணிலும் படுகிற ஒரு நடுத்தரத் தோப்பில் கருவியை மாட்டுவதற்கு. பெரிய மிராசுதார் தோப்பில் வைத்தால், 'அவருக்கென்ன' என்று போய்விடுவார்கள். மிச்சத்தில் ஒரு புரொஜெக்டர், மூன்று நான்கு சின்ன வீடியோ, சாயங்காலப் பால் நேரத்தில் டீயோடு. வாட்ஸ்அப் தேதிக்கு மட்டும். கிருஷி பவனில் இருந்து ஒரே ஒரு தாள் வாங்கி வைப்பேன், எந்தக் கருவிக்கு நம் பக்கம் எவ்வளவு மானியம், என்ன ஆவணம் என்று, அதைத் தமிழில் எழுதி சொசைட்டிச் சுவரில் ஒட்டுவேன்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. மெக்கானிக் ஒரே கம்பெனியின் பெட்டியை மட்டும் தள்ளத் தொடங்கலாம். இரண்டு மூன்று பேரைப் பயிற்றுவித்து, கருவி விலையை அந்தச் சுவர்த் தாளிலேயே எழுதிவிட்டால் அது பெருமளவு அடங்கும். பயிற்சியைக் கோடை தொடங்குவதற்கு முன் வைக்க வேண்டும், தை மாதத்துக்குள் முடித்தால் நல்லது. மாசி பங்குனியில் மோட்டார்கள் எரியத் தொடங்கினால் அவர்களைப் பிடிக்கவே முடியாது.